எட்டாவது போத்தலும் அதே பம்பும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து மச்சாள் நேற்றிரவு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். இரண்டு கன்னமும் கன்றிப்போய், மூக்கோரம் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. கீழே ஒரு வரி: "மச்சாள், நீங்க பூசுற கிறீம் என்ன? பேரை அனுப்புங்க, மறுகா எடுக்கிறன்."

பெயரை மட்டும் அனுப்பிவிட்டுப் படுத்திருக்கலாம். ஆனால் அந்தப் படம் வந்த நேரம், அதே கிறீமின் போத்தலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே கிறீம் இருக்கிறது, பம்பை அமத்தினால் 'புஸ்' என்று காற்றுத்தான் வருகிறது. இது எட்டாவது போத்தல். முந்தைய ஏழும் இதே இடத்தில்தான் என்னைக் கைவிட்டன. கோபத்தில் எழுதுகிறேன், அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

என்னுடையது வறண்ட தோல், அதோடு எதற்கும் சுள்ளென்று ஏறுகிற தோல். மாநிறத்தில் சிவப்பு என்பது விளம்பரங்களில் வருகிற றோஸ் சிவப்பு இல்லை. செம்பாகக் கறுக்கும், தொட்டால் சுடும், உப்புத் தண்ணீர் பட்ட காயம் மாதிரி எரியும். வெளியே பெரிதாகத் தெரியாததால் வீட்டில் யாரும் நம்பவும் மாட்டார்கள். கந்தோரில் ஒரு வயதான அக்கா மட்டும் கிழமைக்கு ஒரு தடவையாவது கேட்பார்: "என்னகா புள்ள, அழுதயா?"

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இந்த ஈரத்துக்குள் வறண்ட தோலா என்று கேட்பவர்கள் கச்சான் காலத்தில் ஒரு நாள் மட்டக்களப்பில் வந்து நிற்க வேண்டும். வறுத்துக் கொறிக்கிற கச்சான் இல்லை, காற்று. தென்மேல் பருவக்காற்று மழையை எல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டுபோய் வருகிறது. பத்து மணிக்கு வாசலில் நின்றால் அடுப்பு வாய்க்கு முன்னால் நிற்பது போல இருக்கும். கொடியில் போட்ட துவாய் அரை மணித்தியாலத்தில் அப்பளம். துவாய்க்கு நடப்பதுதான் கன்னத்துக்கும் நடக்கிறது.

என் முகம் கெட்டது 2022-இல். மாசியில் தங்கச்சியின் கலியாணம். முகம் பளிச்சென்று வரும் என்று தெரிந்தவர் ஒருவர் தந்த, லேபல் இல்லாத வெள்ளை டப்பா நைட் கிறீமை ஆறு கிழமை பூசினேன். உண்மையைச் சொன்னால் பளிச்சென்றுதான் வந்தது. கலியாணப் படங்களில் என்னை எனக்கே பிடித்தது. நிறுத்தி நாலாம் நாள் முகம் எரியத் தொடங்கியது. அப்புறம் ஆனியில் பெற்றோல் வரிசை. கச்சான் காற்றில் ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு ஐந்து மணித்தியாலம் நின்றேன். என் முறை வருவதற்குள் பெற்றோல் முடிந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து சைக்கிளில் கல்லடிப் பாலம் ஏறி இறங்கி வேலைக்குப் போனேன். மூன்றாம் நாள் சிரித்தால் கன்னம் வெடித்துவிடும் போல இருந்தது.

தோல் டொக்டர் அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படிப் பெயரில்லாமல் வருகிற வெள்ளையாக்கும் கிறீம்களில் பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் மாதிரி ஸ்டீரொய்ட் கலந்திருப்பது வழக்கம், சிலதில் பாதரசம்கூட இருக்கும் என்றார். ஸ்டீரொய்ட் சிவப்பை அமத்தி வைக்கும், தோலை மெலியவைக்கும், விட்டவுடன் அமத்தி வைத்ததெல்லாம் சேர்ந்து திரும்பி வரும். மூன்று மாதத்துக்கு ஒரு மருந்து எழுதினார். (அதன் பெயரை இங்கே போடமாட்டேன், முகத்தைப் பார்த்து எழுதவேண்டிய மருந்து அது.) சீட்டின் கீழே இன்னும் மூன்று வரி. சவர்க்காரம் வேண்டாம். வாசனை சேர்க்காத செரமைட் கிறீம். வேறு ஒன்றும் வேண்டாம். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

டொலர் 200 ரூபாயிலிருந்து 360-க்கு ஏறியிருந்த காலம் அது. ஊர் ஃபாமசிகளில் இந்தக் கிறீம் இல்லை, இருந்த ஒரு கடையில் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன். கடைசியில் கட்டாரில் இருக்கிற தம்பி, ஊருக்கு வந்த ஒருவரிடம் 450 கிராம் போத்தல் ஒன்றைக் கொடுத்துவிட்டான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் இங்கேதான் சொல்ல வேண்டும். முதல் இரவு கன்னத்தில் பூசிவிட்டு எரிவதற்காகக் காத்திருந்தேன். எரியவில்லை. மணம் என்று ஒன்றும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. தோலின் மேல்படையை ஓட்டுக் கூரை என்று வைத்துக்கொண்டால், ஓடுகளுக்கு இடையில் பூசியிருக்கிற சாந்து ஒரு கொழுப்பு, அதில் பாதியளவு செரமைட். அந்தச் சாந்து உதிர்ந்தால் உள்ளே இருக்கிற ஈரம் போய்விடும், வெளியே இருக்கிற தூசியும் வேர்வையும் உள்ளே இறங்கி எரிக்கும். கிறீம் செய்வது அந்தச் சாந்து வேலைதான், அதனால் ஒரே நாளில் ஒன்றும் நடக்காது. முகத்தைக் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி, ஈரம் காயமுன் பூசவேண்டும். எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. மருந்தின் பங்கும் அதில் உண்டு, முழுப் பெயரையும் கிறீமுக்குக் கொடுக்கமாட்டேன். அடுத்த வருடம் மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவன்று வெயிலில் கூட்டத்துக்குள் நின்று வேர்த்து வழிந்து வீட்டுக்கு வந்து, சோறு தின்று, படுத்து எழும்பிய பிறகுதான் கண்ணாடி பார்க்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

சரி, பம்புக்கு வருவோம்.

போத்தலுக்குள்ளே ஒரு குழாய் அடிவரை போகிறது. தண்ணீர் மாதிரி இருப்பது என்றால் கடைசிச் சொட்டு வரை அது இழுக்கும். கிறீம் தயிர் பதம். குழாயின் வாயைச் சுற்றியுள்ளதை இழுத்தபின் அங்கே ஒரு குழி விழுகிறது. சுவரில் ஒட்டியிருப்பது அந்தக் குழிக்குள் இறங்காது. அதற்குப் பிறகு பம்பு இழுப்பதெல்லாம் காற்று. அடித்தட்டு பிஸ்டன் மாதிரி மேலே ஏறிவருகிற காற்றுப் புகாத போத்தல்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்கின்றன, இதைவிட மலிவான கிறீம்களில்கூடப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு யோசித்துக் கிறீம் செய்தவர்கள் போத்தல் விசயத்தில் மட்டும் ஏன் தூங்கினார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் போத்தலைத் தெரியாமல் எறிந்துவிட்டேன். இரண்டாவதில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குலுக்கினேன். அந்தப் பிழையை நீங்கள் விடாதீர்கள். தண்ணீர் சேர்ந்தால் கிறீமில் உள்ள பாதுகாப்பு மருந்து நீர்த்துப்போய்க் கிருமி வளரும், வறண்ட தோலுக்கு அது வேறு வினை. மூன்றாவதிலிருந்து வெட்டுகிறேன். மீன் வெட்டுகிற கத்தி சரிவராது (முயன்று பார்த்தேன், இரண்டு நாள் சூரை மணத்தது), இவரின் ஹெக்சோ பிளேட்தான் சரி. நடுவால் அறுத்தால் உள்ளே பார்க்க வயிறு எரியும். சுவர் முழுக்க விரல் கனத்துக்குக் கிறீம். சுத்தமான கரண்டியால் வழித்து, அவித்துக் காயவைத்த ஜாம் போத்தலில் போட்டுத் தராசில் வைத்தேன். 58 கிராம். எனக்கு அது 17 நாள் காணும்.

450-இல் 58 என்றால் ஏறக்குறைய எட்டில் ஒன்று. இப்போது எட்டாவது போத்தல். வெட்டாமல் விட்டிருந்தால் ஒரு முழுப் போத்தலைக் குப்பைக்குக் கொடுத்திருப்பேன். இங்கே கடை விலைக்கு ஒரு போத்தல் வாங்கும் காசில் எங்கள் வீட்டுக்கு ஒரு மாத அரிசி வந்துவிடும்.

அதே கிறீம் வாயகன்ற டப்பாவிலும் வருகிறது, அதை வாங்கேன் என்று இவர் சொல்வார். வாங்கினேன். டப்பாவில் வருவது இன்னும் கெட்டி. வாடைக் காலத்துக்குப் பரவாயில்லை, கச்சானில் ஹெல்மெட்டுக்குள் வேர்வையோடு கரைந்து கண்ணுக்குள் இறங்குகிறது.

இடையில் வேறு வழி தேடாமலும் இல்லை. ஃபாமசியில் மலிவாகக் கிடைக்கிற அக்குவஸ் கிறீமை இரண்டு கிழமை பூசினேன், எரிந்தது. அதன் வழக்கமான செய்முறையில் சோடியம் லோரில் சல்பேட் என்ற நுரைக்கும் பொருள் சேர்கிறது. தோலில் எரிச்சல் தரலாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2013-இல் எச்சரித்திருந்ததைப் பிறகுதான் வாசித்தேன். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பூசிக் கழுவிவிட அது நல்லது, பூசிவிட்டுப் படுக்க எனக்கு ஒத்துவரவில்லை. பத்து வீத நியாசினமைட் (விட்டமின் B3-இன் ஒரு வகை) சீரம் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன், ஒரு மணித்தியாலத்தில் முகம் தணலாகிவிட்டது. குறைந்த அளவில் அது பலருக்கு நல்லதே செய்கிறது, எனக்கு விடச் சொன்னது டொக்டரின் இரண்டு கோடு. மாமி தேசிக்காய்ப் புளியும் மஞ்சளும் குழைத்துத் தந்ததை மரியாதைக்கு வாங்கி வாழைக்கு ஊற்றினேன். கற்றாழையில் வடிகிற மஞ்சள் பாலைக் கழுவாமல் பூசினால் அதுவும் எரிக்கும். இரவில் மூக்கோரத்துக்கும் உதட்டுக்கும் வெறும் வாஸ்லின், அதைப்பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.

சன்ஸ்கிரீன் தனியாக அழவேண்டிய கதை. துத்தநாக ஒக்சைட் உள்ளதுதான் என் தோலைக் கடிக்காமல் இருக்கிறது, ஆனால் அதைப் பூசினால் புட்டுக்கு மா அரித்துவிட்டு நேரே கந்தோருக்கு வந்தவள் மாதிரி இருப்பேன். இரும்பு ஒக்சைட் சேர்த்து நிறமூட்டிய ஒன்று கிடைத்தபிறகு கொஞ்சம் மனுசியாகத் தெரிகிறேன்.

ஆக, மச்சாள், உன் கேள்விக்குப் பதில்: இந்தப் போத்தலை வாங்காதே. இவ்வளவு காசு கொடுத்துவிட்டு ஹெக்சோ பிளேட்டோடு குந்தியிருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. வாசனை சேர்க்காத வேறு செரமைட் கிறீம் இப்போது கடைகளில் வருகிறது. வாசனை "தெரியாதது" வேறு, "சேர்க்காதது" வேறு, லேபலைப் பார்த்து வாங்கு. அதற்கு முன்னால் அந்தப் படத்தை ஒரு தோல் டொக்டரிடம் காட்டு. நீயும் பெயரில்லாத டப்பா எதையாவது மறைத்து வைத்திருந்தாய் என்றால் அதையும் கொண்டுபோ.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தம்பி கோல் எடுத்தான். அடுத்த மாதம் வருகிறானாம். "அக்கா, இந்தமுறை எத்தனை?" என்றான். மூன்று என்றேன். டப்பாவா என்று கேட்டான். பம்பு என்றேன்.

எட்டாவதை அறுத்தாகிவிட்டது. வழித்ததில் பாதியைச் சின்ன ஜாம் போத்தலில் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், சனிக்கிழமை கல்முனை பஸ்ஸில் வரும்போது கொண்டுவருகிறேன். முதலில் காதுக்குக் கீழே மூன்று நாள் பூசிப் பார். விரலை உள்ளே விடாதே, கரண்டியால் எடு.