எம்எஸ்ஐ பி450 டோமஹாக் மேக்ஸ்: வடிவமைப்பும் வசதிகளும்

2019ஆம் ஆண்டில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3000 வரிசை பிராசஸர்கள் வெளிவந்தபோது, அவற்றைப் பொருத்தும் ஏஎம்4 வகை மதர்போர்டுகள் பலவற்றில், கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருளைத் தாங்கும் சிப் 16 எம்பி அளவே இருந்ததால், புதிய பிராசஸர்களுக்கு இடம்கொடுக்கப் பழைய வசதிகள் சிலவற்றைக் கைவிட வேண்டியிருந்தது. எம்எஸ்ஐ நிறுவனம் தன் பி450 டோமஹாக் மதர்போர்டில் அந்தச் சிப்பை 32 எம்பியாக உயர்த்தி, ‘மேக்ஸ்’ என்று பெயரிட்டு வெளியிட்டது. கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றமே இந்த போர்டின் தலையாய சிறப்பு என்பேன். பயாஸைப் புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசையும் இதில் இயங்கும்.

அதற்குத் துணையாக வருவது பின்புறத்தில் உள்ள பயாஸ் பிளாஷ் பொத்தான். இதன் வழியாக பயாஸைப் புதுப்பிக்கப் பிராசஸரோ ராமோ பொருத்தத் தேவையில்லை. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின், 8 பின் கேபிள்களை மட்டும் இணைத்து, FAT32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் பயாஸ் கோப்பை MSI.ROM என்ற பெயரில் வைத்து, அதற்கென உள்ள யுஎஸ்பி போர்ட்டில் செருகி, பொத்தானை அழுத்தினால் போதும். புதுப்பிப்பதற்காகவே ஒரு பழைய பிராசஸரை இரவல் தேடும் அலைச்சல் இதனால் மிச்சமாகிறது.

பிராசஸருக்கு மின்சாரம் வழங்கும் பகுதியின் மீதுள்ள, வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க்குகள் இந்த விலைப்பிரிவுக்குப் பெரியவை. எனவே 8 கோர் பிராசஸரையும் தயக்கமின்றிப் பொருத்தலாம். ஆறு ஃபேன் இணைப்புகள் இருப்பதால், ஓர் இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் தேவைப்படுவது அரிது. கணினி உயிர்பெறாவிட்டால், பிராசஸர், ராம், கிராபிக்ஸ் கார்டு, பூட் ஆகிய நான்கில் கோளாறு எங்கே என்று சிறு விளக்குகள் காட்டிவிடுகின்றன. அசெம்பிள் செய்பவருக்கு இது பேருதவி.

சேமிப்பில்தான் சிக்கனம் வெளிப்படுகிறது. எஸ்எஸ்டியை நேரடியாக போர்டில் பொருத்தும் எம்.2 ஸ்லாட் ஒன்றே ஒன்று. அதில் எஸ்எஸ்டி பொருத்தியதும் ஹார்டு டிஸ்க் போன்றவற்றை கேபிளால் இணைக்கும் ஆறு சாட்டா போர்ட்டுகளில் 5, 6 இரண்டும் செயலிழக்கும். நீளமான இரண்டாவது கார்டு ஸ்லாட்டும் பிசிஐஇ 2.0 எக்ஸ்4 வேகம் மட்டுமே தரும் என்பதால், அடாப்டர் வழியாக இன்னொரு என்விஎம்இ (அதிவேக எஸ்எஸ்டி வகை) சேர்த்தாலும் முழு வேகம் கிடைக்காது. ஆகவே, வேகமான சேமிப்பு அதிகம் தேவைப்படும் வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு இந்த போர்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். வைஃபை இல்லை, டிஸ்ப்ளே போர்ட்டும் இல்லை, எச்டிஎம்ஐயும் டிவிஐயும் மட்டுமே.

பழைய டோமஹாக்கும் இதுவும் தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றே. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் கணினியை இயக்கச் சொல்லி, பயாஸ் திரையில் தெரியும் போர்டின் பெயரில் ‘மேக்ஸ்’ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.