முறுக்கு சுட எது கட்டுப்படியாகும்: கேஸா, விறகா, விறகு வாயுவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முறுக்கு சுட்டு விற்கும் அண்ணனுக்கு ஓர் ஆசை. சுற்றிலும் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுகிறார்கள், விறகு சும்மா கிடைக்கிறது. அதை டிரம்மில் போட்டு, காற்றைக் குறைத்து, வரும் வாயுவைக் கொளுத்தினால் கேஸ் காசு மிச்சம்தானே?

கணக்குப் போட்டோம். வீட்டுக்கான 14 கிலோ தோங் (கேஸ் சிலிண்டர்), மானியத்தில் 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு. வணிகத் தோங் சுமார் 70 வெள்ளி. அந்த ஒரு தோங்கின் சூட்டை விறகு வாயுவில் எடுக்க, காய்ந்த விறகு 60 கிலோ வேண்டும். பச்சையாக வெட்டினால் 100 கிலோ. பச்சைப் பால்மரத்தில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். சரி, விறகு இலவசம். பிளந்து, அடுக்கி, நம் ஊர் மழையில் நனையாமல் மாதக்கணக்கில் காயவைக்கும் கூலி? ஆசை இடறியது இங்கேதான்.

ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் டிரம் சூடு குறைந்து தார் கக்கும். டிரம்மைக் கட்டி எரித்தும் பார்த்தோம். மூன்றாம் வாரம் குழாயைக் கழற்றினோம். உள்ளே கருப்பாக, பாகு மாதிரி இழுபட்டது. மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டியே ஒரு காலைப்பொழுது போனது. வாயுவில் பாதி எரியாத நைட்ரஜன், அதனால் கேஸ் அடுப்பின் சின்னத் துளைகள் உதவாது. பர்னரையும் மாற்ற வேண்டும். எரிவதில் பெரும்பங்கு கார்பன் மோனாக்சைடு. மணமே இல்லாத விஷம் அது. மூடிய சமையல்கட்டில் கசிந்தால் ஆளையே கொல்லும். பின்கட்டில் திறந்தவெளி இல்லாதவர் இதைத் தொடவே வேண்டாம்.

சாதா விறகடுப்பு? புகை, கரி, ஒரு பக்கம் மட்டும் சிவக்கும் முறுக்கு. ஆனால் முதலீடு கம்மி, ஈரக்கட்டையையும் ஓரளவு தாங்கும். உண்மையில் வாயு டிரம்முக்குப் போட்டி கேஸ் இல்லை, செங்கல்லில் நன்றாகக் கட்டிய விறகடுப்புதான்.

டிரம் கட்டுப்படியாகும் இடமும் உண்டு: நாள் முழுக்க ஒரே சீராக எரிக்கும் உலை, பக்கத்திலேயே காய்ந்த மரம். நாற்காலிப் பட்டறைகளில் உலையில் காயவைத்த பால்மரத் துண்டுகள் மிஞ்சும், ஈரம் 10 சதவீதத்தை ஒட்டித்தான். ஒரு பட்டறைக்காரர் மூட்டைக்கு விலை சொல்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை அண்ணன் வணிகத் தோங்கில் சுடுகிறார். டிரம்முக்குத் தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறார்.