கேப்1, கேன்1: ஈஸ்ட்டுக்குள் அமினோ அமிலம் எந்த வழியாகப் போகிறது?

ரொட்டி ஈஸ்ட்டின் செல் சவ்வில் அமினோ அமிலக் கடத்திகள், அதாவது அவற்றை உள்ளே கொண்டுசெல்லும் புரதங்கள், நிறையவே உண்டு. அவற்றில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான குணம் கொண்டவை கேப்1, கேன்1. பிரஸ்ஸல்ஸில் மார்செல் கிரென்சன் குழுவினர் ஆர்ஜினினுக்கான தனிவழியை 1966-லும், எல்லாவற்றுக்குமான பொதுவழியை 1970-லும் விவரித்தார்கள். முன்னது கேன்1, பின்னது கேப்1.

இயங்கும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பிஎம்ஏ1 என்ற பம்ப், செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்துப் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி உள்ளே வரும்போது அமினோ அமிலத்தையும் கூட்டிக்கொண்டு வருகின்றன. இரண்டுக்கும் இதே கதைதான்.

எதை உள்ளே விடும் என்பதில்தான் பிரிகின்றன. கேன்1 ஆர்ஜினின், லைசின், ஹிஸ்டிடினோடு நின்றுவிடும். கேப்1 கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விடும், வழக்கமான அமினோ அமிலங்களின் கண்ணாடி பிம்பம் போன்ற சில டி-வகைகளைக்கூட.

அப்படியானால் கேப்1 ஒன்றே போதாதா? போதாது. அம்மோனியம் போன்ற நல்ல நைட்ரஜன் கிடைத்துவிட்டால் அதன் மரபணு அடங்கிவிடும். சவ்வில் ஏற்கெனவே இருக்கும் கேப்1 மீது ஆர்எஸ்பி5 நொதி யுபிக்விட்டின் என்ற சிறு அடையாளப் புரதத்தை ஒட்ட, கேப்1 உள்ளிழுக்கப்பட்டு, செல்லின் சிதைப்பு அறையான வாக்குவோலில் சிதைந்துபோகும். புரோலின் போன்ற சுமாரான நைட்ரஜன் மட்டும் கிடைக்கும் பஞ்ச காலத்தில்தான் அதற்கு மவுசு. கேன்1 அம்மோனியம் இருந்தாலும் வேலை செய்யும். ஆனால் ஆர்ஜினின் அளவுக்கு மீறினால் அதுவும் உள்ளே இழுக்கப்படும்.

இதைக் கண்ணால் பார்க்க, கனவனைன் கலந்த வளர்ப்புத் தட்டு போதும். கனவனைன் ஆர்ஜினின் போலவே இருக்கும் நஞ்சு, புரதத்துக்குள் ஆர்ஜினினின் இடத்தில் போய் உட்கார்ந்து அதைக் கெடுக்கும். கேன்1 பழுதான ஈஸ்ட்டை அம்மோனியம் கலந்த கனவனைன் தட்டில் போட்டால் ஜோராக வளரும். அதே ஈஸ்ட்டை, அம்மோனியத்துக்குப் பதில் புரோலின் கலந்த கனவனைன் தட்டுக்கு மாற்றினால் வளராது, கேப்1 வழியாக நஞ்சு நுழைந்துவிடுகிறது. மரபணு மாறவில்லை, நைட்ரஜன் மட்டும்தான் மாறியது.

இரண்டுக்கும் நடுவில் ஏஜிபி1 என்று ஒன்று இருக்கிறது. பலவகை அமினோ அமிலங்களைக் கடத்தும், ஆனால் அவற்றின் மீது பிடிமானம் குறைவு. வெளியே அமினோ அமிலம் இருப்பதை எஸ்எஸ்ஒய்1 என்ற உணர்விப் புரதம் உணர்ந்து சொன்னால்தான் இது போதிய அளவில் உருவாகும். வேடிக்கை என்னவென்றால், எஸ்எஸ்ஒய்1 பார்க்கக் கடத்தி மாதிரியே இருக்கும், எதையும் கடத்தாது.

ஆர்ஜினின் உள்ளே போகும் வேகத்தை அளக்க வேண்டுமானால் என் ஓட்டு கேன்1-க்குத்தான். அம்மோனியம் ஊடகத்தில் வளர்த்தால் கேப்1 குறுக்கே வராது. புரோலினில்தான் அளந்தாக வேண்டும் என்றால், கேப்1 நீக்கிய ஈஸ்ட்டை எடுத்துக்கொள்வதே நல்லது.