இரவுப் பணிக்கு பிஎஸ்கியூஎல்: ஸ்டோர்ட் புரோசீஜர்களைக் கட்டளை வரியிலிருந்து இயக்குவது பற்றி ஒரு மதிப்பீடு

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு சேர்ந்தே வரும் பிஎஸ்கியூஎல் என்னும் கட்டளை வரிக் கருவியை, அட்டவணைகளை எட்டிப் பார்க்கவும் ஓரிரு வினவல்களைச் சோதிக்கவும் மட்டுமே பலர் திறக்கிறார்கள். நான் மூன்று ஆண்டுகளாக அதை வேறொரு வேலைக்குப் பயன்படுத்தி வருகிறேன். கணக்கு முடிப்பு, பழைய பதிவுகளை அகற்றுதல் போன்ற ஸ்டோர்ட் புரோசீஜர்களை, அதாவது தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து வைக்கும் நிரல்களை, திரைக்கு முன் எவரும் இல்லாத நள்ளிரவில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் கிரான் வழியாக இயக்குவதே அந்த வேலை. இதற்கென்று தனி நிரல் எழுதவோ வேறு மென்பொருள் வாங்கவோ தேவை இல்லை என்பதே என் உறுதியான கருத்து; ஆனால் இந்தக் கருவியை அதன் இயல்பான அமைப்போடு அப்படியே நம்பி விட்டுவிடக் கூடாது.

2018இல் வெளிவந்த 11ஆம் பதிப்பில்தான் போஸ்ட்கிரெஸில் உண்மையான புரோசீஜர்களும் அவற்றை அழைக்கும் ‘கால்’ கட்டளையும் வந்தன. அதற்கு முன் இருந்த ஃபங்ஷன்களுக்குள் கமிட் செய்ய, அதாவது அதுவரை செய்த மாற்றங்களை நிரந்தரமாக்க, வழியில்லை. ஆகவே, பல இலட்சம் வரிசைகளை அழிக்கும் வேலையும் ஒரே பரிவர்த்தனையாகவே, அதாவது முழுதும் நிறைவேறும் அல்லது எதுவுமே நிறைவேறாத ஒரே தொகுப்பாகவே, ஓடியாக வேண்டும். இன்று ஒவ்வொரு பத்தாயிரம் வரிசைக்கும் ஒரு கமிட் என்று புரோசீஜருக்குள்ளேயே எழுதிவிட்டு, கட்டளை வரியிலிருந்து ஒரே வரியில் அதை அழைக்க முடிகிறது.

எனக்கு மிகுந்த கவலை தந்த குறை, பிழை நேரும்போது இந்தக் கருவி நடந்துகொள்ளும் விதம். கோப்பிலிருந்து கட்டளைகளைப் படிக்கச் சொல்லும் ‘-எஃப்’ விருப்பத்தைக் கொடுத்து ஒரு ஸ்கிரிப்டை இயக்கினால், இடையில் ஒரு கட்டளை தோற்றாலும் பிஎஸ்கியூஎல் அடுத்ததற்குச் சென்றுவிடும். முடியும்போது கருவி திருப்பித் தரும் வெளியேறும் குறியீடும், வெற்றியைக் குறிக்கும் 0 என்றே இருக்கும். நாங்கள் எழுதிய ஒரு ஸ்கிரிப்டில் மூன்று புரோசீஜர்கள் வரிசையாக இருந்தன. முதலாவது, ஒரே மதிப்பு இருமுறை வருவதைத் தடுக்கும் தனித்தன்மைக் கட்டுப்பாட்டில் மோதி நின்றுவிட, மற்ற இரண்டும் அரைகுறைத் தரவின் மேல் ஓடி முடிந்தன. கிரானைப் பொறுத்தவரை அந்த இரவு வெற்றி. மறுநாள் அறிக்கையில் கூட்டுத்தொகை ஒத்துவராதபோதுதான் நடந்தது தெரிந்தது. ‘ஆன்_எர்ரர்_ஸ்டாப்’ என்னும் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்துவிட்டால், முதல் பிழையிலேயே ஸ்கிரிப்ட் நின்று, குறியீடு 3 என வெளியேறும். இணைப்பு அறுந்தால் 2, கோப்பே கிடைக்காததுபோன்ற கருவியின் சொந்தத் தோல்விக்கு 1. இவ்வளவு தெளிவான பாகுபாட்டை வைத்திருக்கும் கருவி, அதைக் கேட்டால்தான் தருகிறது என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அடுத்த சிக்கல் பரிவர்த்தனை சார்ந்தது. பாதுகாப்பு என்று கருதி, எல்லாக் கட்டளைகளையும் ஒரே பரிவர்த்தனையாக்கும் ‘--சிங்கிள்-டிரான்சாக்‌ஷன்’ விருப்பத்தைச் சேர்த்தால், உள்ளே கமிட் செய்யும் புரோசீஜர் அந்தக் கமிட்டில் பிழை காட்டி நின்றுவிடும். கட்டளையை நேரடியாக வரியிலேயே கொடுக்கும் ‘-சி’ விருப்பத்தின் ஒரே சரத்துக்குள் அமைப்பை மாற்றும் ஒரு கட்டளையையும் ‘கால்’ கட்டளையையும் அரைப்புள்ளி இட்டு எழுதினாலும் இதே கதிதான், ஏனெனில் சர்வர் அந்தச் சரம் முழுவதையும் ஒரே பரிவர்த்தனையாக எடுத்துக்கொள்கிறது. 9.6ஆம் பதிப்பிலிருந்து ‘-சி’ விருப்பத்தை ஒரே வரியில் பலமுறை கொடுக்கலாம் என்பதால், கட்டளைகளைப் பிரித்துக் கொடுப்பதே சரியான தீர்வு. அப்போதும் ‘ஆன்_எர்ரர்_ஸ்டாப்’ அவசியம். இல்லாவிட்டால் கடைசிக் கட்டளையின் முடிவே ஒட்டுமொத்த முடிவாகிவிடும்.

புரோசீஜருக்குத் தேதி, கிளை எண் போன்ற மதிப்புகளை அனுப்ப, ‘-வி’ விருப்பத்தால் கொடுக்கும் மாறிகள் நன்கு உதவுகின்றன. மாறியின் பெயரை முக்காற்புள்ளிக்குப் பின் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால், மதிப்பில் உள்ள மேற்கோள்களையும் கருவியே சரியாகக் கையாள்கிறது. ஆயினும் இந்த மாறிகள் ‘-சி’ சரத்துக்குள் வேலை செய்யா. கோப்பில்தான் எழுத வேண்டும். கடவுச்சொல்லை 0600 அனுமதி (உரியவர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்) கொண்ட ‘.பிஜிபாஸ்’ கோப்பில் வைத்துவிட்டு, ‘--நோ-பாஸ்வேர்ட்’ விருப்பத்தையும் சேர்த்துவிடுவது நல்லது. இல்லையெனில், பதில் சொல்ல ஆளில்லாத நேரத்தில் அது கடவுச்சொல் கேட்டுக் காத்திருக்கக் கூடும்.

வெளியீட்டைப் பிரித்துத் தரும் முறையை மனமாரப் பாராட்டுகிறேன். புரோசீஜர் வாங்கித் திருப்பித் தரும் ‘இன்அவுட்’ மதிப்புகளும், 14ஆம் பதிப்பு முதல் திருப்பி மட்டுமே தரும் ‘அவுட்’ மதிப்புகளும், ஒரு வரிசையாக வழக்கமான வெளியீட்டில் வருகின்றன. ‘ரைஸ் நோட்டீஸ்’ வழியாக எழுதும் முன்னேற்றச் செய்திகளோ பிழை வெளியீட்டுக்குச் செல்கின்றன. இதனால் முடிவு ஒரு கோப்பிலும் நடந்த கதை இன்னொரு கோப்பிலும் தனித்தனியே சேர்கின்றன.

ஓடிக்கொண்டிருக்கும் புரோசீஜரை நிறுத்த வேண்டுமானால் கண்ட்ரோல்-சி அழுத்துங்கள். டெர்மினலை மூடிவிட்டுப் போகாதீர்கள். கண்ட்ரோல்-சி சர்வருக்கு ரத்துக் கோரிக்கையை அனுப்புகிறது. டெர்மினலை மூடினால் சர்வரில் அந்த வேலை தொடர்ந்து ஓடக்கூடும் என்பதால், நீண்ட பணிகள் அனைத்துக்கும் ‘ஸ்டேட்மென்ட்_டைம்அவுட்’ என்னும் நேர வரம்பை முன்னதாகவே வைத்துவிடுகிறேன்.