டெல்லி குடியரசுத் தலைவர், கொழும்பு ஜனாதிபதி: எந்த ஏற்பாடு தேவலாம்?

சென்னைப் பத்திரிகையில் ‘குடியரசுத் தலைவர்’, யாழ்ப்பாணப் பத்திரிகையில் ‘ஜனாதிபதி’. பொருள் ஒன்றுதான். ஆனால் இந்த இருவரையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கணக்கு தப்பிவிடும். கொழும்பு ஜனாதிபதிக்கு ஈடாக டெல்லியில் நிறுத்த வேண்டியவர் பிரதமர். ராஷ்டிரபதி பவனில் 340 அறைகள் உண்டு. முடிவெடுக்கும் அறை மட்டும் அங்கே இல்லை.

தேர்தலிலேயே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. இந்தியாவில் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் ஓட்டுப் போடுகிறார்கள். 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு 176, உத்தரப் பிரதேசத்தவருக்கு 208, சிக்கிம்காரருக்கு வெறும் 7. இலங்கையில் மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசையும் எழுதலாம். 1982 முதல் ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டதால், அந்த 2, 3-ஐ யாரும் எண்ணிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க 42 சதவீதத்தில் நின்றபோதுதான் முதன்முதலாக எண்ணினார்கள்.

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர் என்பதால் கொழும்பில் இருப்பவர் கையில் அமைச்சரவை, முப்படை எல்லாமே. 1978 அரசியலமைப்பை அப்போதைய ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன அப்படித்தான் தைத்தார். அது போதாதென்று, தன் கட்சி எம்.பி.க்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். டெல்லியிலோ 1976-இன் 42-ஆவது திருத்தம், அமைச்சரவை சொன்னபடிதான் குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டது. ‘ஒரு தடவை திருப்பி அனுப்பலாம்’ என்ற சலுகை 1978-இல் 44-ஆவது திருத்தத்தோடு வந்தது.

அந்தச் சலுகை சும்மா அலங்காரமா? முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். 1997-இல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கும் பரிந்துரையை கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். மத்திய அமைச்சரவை பின்வாங்கியது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் தபால் மசோதாவில் ஜெயில் சிங் கையெழுத்தே போடாமல் கிடப்பில் போட்டார். ஆனால் 2006-இல் ஆதாயப் பதவி மசோதாவை (சில அரசுப் பதவிகளை வகிக்கும் எம்.பி.க்கள் தகுதி இழக்காமல் காப்பது) அப்துல் கலாம் திருப்பியபோது, நாடாளுமன்றம் அதையே மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. அவரும் கையெழுத்திட்டார். 1975 ஜூன் 25 இரவை மறக்கவே கூடாது. நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்ட பிறகு, மறுநாள் விடியற்காலையில்தான் அமைச்சரவையே கூடி ஒப்புதல் கொடுத்தது. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் இருந்தவர் பேனாவை எடுத்தார், அவ்வளவுதான்.

சரி, தப்புச் செய்தவரை இறக்குவது எப்படி? என்னைப் பொறுத்தவரை முக்கியமான இடம் இதுதான். 1999 ஏப்ரல் 17 அன்று டெல்லியில் நம்பிக்கை வாக்கெடுப்பு: பிரதமர் வாஜ்பாயின் அரசுக்கு ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு ஓட்டு, ஆட்சி போயிற்று. கொழும்பில் ஜனாதிபதியை நீக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 225-இல் 150 பேர் வேண்டும். நடுவில் உச்ச நீதிமன்ற விசாரணை வேறு. 1991-இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராகத் தீர்மானம் வந்தபோது அவர் நாடாளுமன்றத்தையே ஒத்திவைத்துத் தப்பித்தார். அந்த வழி இவ்வளவு குறுகலாக இருந்ததால்தான், 2022 ஜூலை 9 அன்று கூட்டம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குதித்தது. ஐந்தாம் நாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா அனுப்பினார்.

இலங்கை நிறுவனங்கள் எல்லாமே சோடை என்றும் சொல்லிவிட முடியாது. 2018-இல் ஜனாதிபதி சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். 2015-இன் 19-ஆவது திருத்தம் போட்ட கடிவாளம் அது. உயர் நியமனங்களுக்கு அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டும் என்றும் அதே திருத்தம் சொன்னது. 2020-இல் 20-ஆவது திருத்தம் அந்தக் கடிவாளத்தைக் கழற்றியது. 2022-இல் 21-ஆவது திருத்தம் பெரும்பாலும் திரும்ப மாட்டியது. ஆளுக்கு ஆள் மாறும் அரசியலமைப்பு!

ஆளுநர் விஷயத்தில் மட்டும் இரண்டு ஊரும் ஒன்று. மாநிலத்துக்கானாலும் மாகாணத்துக்கானாலும் நியமனம் மேலிருந்துதான் வருகிறது. சென்னைக்காரருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் அந்த எரிச்சலை விளக்க வேண்டியதில்லை.

இரண்டில் ஒன்றை எடு என்றால், குறைகளோடேயே டெல்லி ஏற்பாட்டைத்தான் எடுப்பேன். ஒரு ஓட்டில் ஆட்சி கவிழும் என்ற பயம் ஆள்பவருக்கு இருக்கட்டும். இலங்கையிலும் இது தெரியாமல் இல்லை. நிறைவேற்று ஜனாதிபதி முறையை, அதாவது ஆட்சி அதிகாரம் ஜனாதிபதி கையிலேயே இருக்கும் இந்த ஏற்பாட்டை, 1995 ஜூலை 15-க்குள் ஒழிப்பதாக ஜனாதிபதி சந்திரிகா தேதி போட்டே வாக்குக் கொடுத்தார். அதே நாற்காலியில் 2005 வரை இருந்தார்.