இர்ரெபரபிளா, இர்ரிவர்சிபிளா?

irreparable, irreversible என்ற இந்த ஆங்கிலச் சொற்கள் இரண்டுமே 'இனி ஒன்றும் செய்ய முடியாது' என்றுதான் நம் காதில் விழும். ஆங்கிலம் பேசுபவர்கள் இவற்றைப் புழங்கும் இடம் வேறு வேறு.

மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் பெரும்பாலும் எடுப்பது இர்ரிவர்சிபிள். கிளாக்கோமா என்ற கண்நோயில் பார்வை நரம்பு செத்துப்போனால் போனதுதான். கண்புரை அப்படியில்லை, ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும். இந்தச் சொல்லில் மனத்தாங்கல் கிடையாது. விறகு எரிந்து சாம்பலாவதும் இர்ரிவர்சிபிள்தான், அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இர்ரெபரபிள் என்றால் யாருக்கோ அடி விழுந்திருக்க வேண்டும். பெயர் கெடுவது, உறவு முறிவது எல்லாம் இதில் சேரும். அமெரிக்க நீதிமன்றங்களில் இதற்குத் தனிக் கணக்கே உண்டு: பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத பாதிப்பு. கடற்படை நீருக்கடியில் இருப்பதைக் கண்டுபிடிக்க அனுப்பும் சோனார் ஒலி திமிங்கிலங்களைப் பாதிக்கிறது என்ற வழக்கில், 2008-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. இடைக்காலத் தடை வேண்டுமென்றால் இத்தகைய பாதிப்பு 'நேர்ந்தாலும் நேரலாம்' என்பது போதாது, நேரும் வாய்ப்பே அதிகம் என்று காட்ட வேண்டும்.

சந்தேகம் வந்தால் இர்ரிவர்சிபிள் பக்கம் போய்விடுங்கள், அதிகம் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். அப்புறம், ரிப்பேரை நுழைத்து 'இர்ரிப்பேரபிள்' என்று சொல்ல வேண்டாம், அழுத்தம் 'ரெ'யில்தான்.