மீன் கையும் பாலிமர் தாளும்: ஒரு கடைக்காரரின் அனுபவம்

லண்டனில் மரக்கறி, மீன் எல்லாம் விற்கும் பலசரக்குக் கடை எங்களுடையது. 2016 செப்டம்பரில் சர்ச்சில் படத்தோடு ஐந்து பவுண்ட் பாலிமர் தாள், அதாவது மெல்லிய பிளாஸ்டிக்கில் அடித்த காசுத்தாள், வந்தது. பத்து 2017இலும், இருபது 2020இலும், ஐம்பது 2021இலும் மாறின. இத்தனை வருடம் புழங்கியதில் சொல்கிறேன்: மீன் விற்கிறவனுக்கு இதைவிட நல்ல காசு கிடையாது.

பழைய பருத்திக் காகிதத் தாள் ஈரத்தைக் குடித்துவிடும். பாரை மீன் வெட்டிய கையோடு ஒரு பத்து பவுண்ட் தாளை வாங்கிக் காசு லாச்சியில் போட்டால், பின்னேரம் கணக்குப் பார்க்கும்போது பக்கத்தில் கிடந்த தாள்களும் மணக்கும். பாலிமரை ஒரு துணியால் துடைத்தால் சரி. காற்சட்டைப் பையோடு வோஷிங் மெஷினுக்குள் போய் வந்தாலும் அப்படியே இருக்கும். ஆனால் இஸ்திரிப்பெட்டி பட்டால் சுருங்கிப்போகும், கவனம்.

தொல்லை புதுத்தாளில்தான். வங்கியிலிருந்து வந்த கட்டைப் பிரித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விரலில் தண்ணீர் தொட்டு எண்ணினால் இன்னும் மோசம். ஓரத்தை விசிறிவிட்டு, ஒவ்வொன்றாக மேசையில் வைத்துத்தான் எண்ணுகிறோம். நாலாக மடித்துக் கொண்டுவருகிற சனத்தின் தாளோ லாச்சிக்குள் படுக்கவே படுக்காது, கிளிப்பைத் தூக்கினால் துள்ளி எழும். மடித்த இடத்தில் மையும் மெல்ல உரிகிறது. ஓரத்தில் சின்னக் கீறல் விழுந்தால் போதும், மளமளவென்று கிழிந்துவிடும்.

கள்ளத்தாள் பார்ப்பது சுகம். இருபதைச் சரித்துப் பார்த்தால், அதில் மினுங்குகிற ஹோலோகிராம் படத்தில் 'டுவென்டி' என்பது 'பவுண்ட்ஸ்' என்று மாற வேண்டும். வரிசை நிற்கும்போதும் ஒரு நொடியில் பார்த்துவிடலாம்.

தொடக்கத்தில் மிருகக் கொழுப்புப் பிரச்சினை ஒன்று கிளம்பியது ஞாபகம் இருக்கும். பாலிமரில் அது துளியளவு இருக்கிறது என்று தெரிந்ததும் சில இந்துக் கோயில்கள் ஐந்து பவுண்ட் தாளை வாங்க மறுத்தன. வெள்ளிக்கிழமை விரதக்கார அம்மாமார் சிலர் மிச்சத்தைச் சில்லறையாகவே கேட்டார்கள். அவர்களுடைய கோபம் நியாயம்தான். 2017இல் இங்கிலாந்து வங்கி கலவையை மாற்றப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. அப்புறம் பேச்சும் அடங்கிவிட்டது.

2024 ஜூனில் சார்ள்ஸ் மன்னர் படத்தோடு புதுத்தாள்கள் வந்தன. மகாராணி தாள் செல்லுமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பாலிமர் என்றால் செல்லும். செல்லாதது பழைய காகிதத் தாள்தான்; இருபதும் ஐம்பதும்கூட 2022 செப்டம்பரோடு கடைப் புழக்கத்திலிருந்து போய்விட்டன. அலுமாரிக்குள் கிடந்தால் இங்கிலாந்து வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.